ஐம்பத்தாறு டிகிரி, அரை மணி நேரம்

கீழே வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. இதை என் இடது கண்மீது ஆணையாகச் சொல்கிறேன். வலது கண்ணில் புரை எடுத்து லென்ஸ் வைத்திருக்கிறார்கள். அது ஏதோ ஒரு கம்பெனியின் தயாரிப்பு, அடுத்தவன் பொருள்மீது சத்தியம் செய்வது முறையல்ல. இடது கண் முழுக்க என்னுடையது. இதில் ஒரு வரி பொய்யென்றாலும் அது இன்றே அவிந்துபோகட்டும்.

என் பெயர் ஆவுடையப்பன். திருநெல்வேலிக்கு வடக்கே நான்குவழிச் சாலையோரம் இருந்த வச்சிரா மருந்து நிறுவனத்தில் முப்பத்துமூன்று ஆண்டுகள் டெக்னீஷியனாக இருந்தேன். ஆன்டிபயாடிக் மாத்திரைகள் ஒவ்வொன்றாகச் செத்து ஒழிந்த காலம் அது. கால் சுண்டுவிரலில் கல் இடறினால் வீட்டில் உயில் எழுதச் சொல்வார்கள். கிருமிகள் அவ்வளவு கொழுத்திருந்தன. ஒரு கிருமி ஒரு மாத்திரை முழுவதையும் தின்றுவிட்டு இன்னொன்று கிடைக்குமா என்று பார்த்ததை நானே மைக்ராஸ்கோப்பில் கண்டிருக்கிறேன்.

அப்போதுதான் எங்கள் முதலாளி டாக்டர் குற்றாலலிங்கம் ஒரு ஊசியைக் கொண்டுவந்தார். அதற்குப் பெட்டியில் ஒரு பெரிய பெயர் இருந்தது. நாங்கள் ‘ஒன்பதான்’ என்போம். நம் ரத்தத்தில் நிரப்புப் புரதங்கள் என்று சில உண்டு; கிருமியைக் கண்டால் ஒன்றின்பின் ஒன்றாகக் கைகோத்து வந்து அதன் தோலைத் துளைப்பவை. அவற்றின் வேகத்தை நூறு மடங்கு ஏற்றிவிடுவதுதான் ஒன்பதானின் வேலை. மாத்திரைக்கு மசியாத கிருமி எல்லாம் இதற்கு முன்னால் சோப்பு நுரை மாதிரி உடைந்தது. டாக்டரைக் கும்பிடாத ஆள் தென் மாவட்டத்தில் இல்லை.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஒவ்வொரு ஆண்டும் நிறுவன நாளன்று, புது மருந்தின் முதல் பாட்டிலை மேடையில், எல்லோரும் பார்க்க, தன் கையில் ஏற்றிக்கொள்வார். “மொத ஊசி எனக்கு. அப்புறந்தான் ஊருக்கு” என்பார். கைதட்டலில் பந்தல் ஆடும். நானும் தட்டியிருக்கிறேன். அதற்காக இன்றும் என் கைகளைப் பார்த்தால் ஆத்திரம் வருகிறது. இந்தக் கைகள் செய்த இன்னொரு துரோகத்தைப் பிறகு சொல்கிறேன்.

ஊசி வந்த முதல் வருடம் என் பிரிவில் ஒரு சோதனை இருந்தது. யாருக்கு ஊசி போட வேண்டுமோ அவருடைய சிவப்பணுக்களை எடுத்து, அணு நீக்கிய ரத்தத் தெளிநீரான புதுச் சீரத்தில் லேசாகப் புளிப்பேற்றி, அதில் அவற்றைப் போட்டு, உடம்புச் சூட்டில் ஒரு மணி நேரம் வைப்போம். பிறகு கண்ணாடிக் குழாய்க்குப் பின்னால் செய்தித்தாளைப் பிடிப்போம். எழுத்து தெரியாமல் கலங்கலாக இருந்தால் அணுக்கள் முழுசாக இருக்கின்றன, ஆள் தேறினார். சர்பத் மாதிரித் தெளிந்து, அந்தப் பக்கம் வரன் தேடும் விளம்பரம்வரை படிக்க முடிந்தால் அணுக்கள் உடைந்து கரைந்துவிட்டன என்று அர்த்தம். அவருக்கு இந்த ஊசி ஆகாது. ஆயிரத்தில் ஒருவருக்கு அப்படி வரும். ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்துக் குழாயில் ஐம்பத்தாறு டிகிரித் தண்ணீரில் அரை மணி நேரம் வைத்து எடுத்த சீரம் இருக்கும். அந்தச் சூட்டில் நிரப்புப் புரதம் செத்துவிடும், ஒன்பதானும் செத்துவிடும். அதற்கப்புறம் அது யாரையும் ஒன்றும் செய்யாது. இதற்கு எங்கள் லேபில் ‘குளிப்பாட்டுவது’ என்று பெயர். சீரம் எது வந்தாலும் முதலில் குளிப்பாட்டு, பிறகு கேள்வி கேள் என்பது எங்களுக்குப் பழகிய முறை.

ஒரே வருடத்தில் டாக்டர் அந்தச் சோதனையை மூடினார். ‘தேவையற்ற தாமதம்’ என்று சுற்றறிக்கை வந்தது. என்னை ஆட்டுக் கொட்டகைக்கு மாற்றினார்கள். மருந்து உயிரோடு இருக்கிறதா என்று ஆட்டு ரத்தத்தில் பார்ப்பது வழக்கம், அதற்காகப் பதினோரு ஆடுகள் இருந்தன. அதில் தாசில்தார் என்ற கிடா ஊசியைப் பார்த்ததும் தானாகக் கழுத்தைத் திருப்பிக்கொடுக்கும். வேலை முடிந்ததும் கையெழுத்துப் போடுவதுபோல் காலால் மண்ணைக் கீறிவிட்டுத்தான் போகும். பார்த்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்.

இனி என் தங்கை உலகம்மாள். அரசுப் பேருந்தில் கண்டக்டர். நாற்பத்தாறு வயது. படிக்கட்டுத் தகரம் குதிகாலைக் கிழித்து, சீழ் வைத்து, ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஒன்பதான் போட்டார்கள். இரண்டே நாளில் புண் வற்றியது. மூன்றாம் நாள் காலையில் என்னைக் கூப்பிட்டாள்.

“அண்ணே, சிரிக்காத. ஒண்ணுக்குக் கட்டங்காப்பி கலர்ல போகுது.”

போய்ப் பார்த்தேன். பால் விடாத காப்பிதான். கட்டில் விளிம்பில் உட்கார்ந்தேன்.

“என்னன்னு சொல்லு. மூஞ்சிய ஏன் அப்பிடி வச்சிருக்க?”

“ஒன் பஸ்ல பாஸ் இல்லாத ஆள என்ன செய்வ?”

“எறக்கி விடுவேன். எளவட்டமா இருந்தா நாலு வார்த்த சொல்லி எறக்கி விடுவேன்.”

“ரத்தத்துலயும் அப்பிடி ஒரு கூட்டம் இருக்கு. சுத்திச் சுத்தி வந்து பாஸ் பாக்கும். நம்ம அணு ஒவ்வொண்ணும் மேல ஒரு முத்திரை குத்தி வச்சிருக்கும், ‘நான் இந்த வீட்டாளு’ன்னு. அது இல்லாதவன எறக்கி விடாது. அவன் தோல்ல போர்வெல் குழாய் எறக்குத மாதிரி ஓட்டை போட்டுரும். ஓட்ட வழியாத் தண்ணி உள்ள பாஞ்சு, உப்பி, வெடிச்சிரும்.”

“எத்தன பேரு சேந்து?”

“ஒம்பது வகை.”

“ஒருத்தன அடிக்க ஒம்பது பேரா? ரௌடித்தனமால்லா இருக்கு.” போர்வையை இழுத்து விட்டுக்கொண்டாள். “எனக்கு முத்திரை இல்லியோ?”

“கொறவா இருக்கும் போல.”

“இருவத்திரெண்டு வருசம் ஊருக்கெல்லாம் பாஸ் கேட்டேன். இது நல்லா இருக்கே” என்று சிரித்தாள். “இத முன்னாலயே பாக்க முடியாதாண்ணே?”

“முடியும்.”

“யாரு பாக்கணும்?”

நான்தான் பார்க்க வேண்டியவன். அதை அவளிடம் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் அவள் சிறுநீரகம் நின்றது. ஏழாம் நாள் அவள்.

நிறுவனத்து மருத்துவர் எழுதிக்கொடுத்த சான்றிதழில் மரணக் காரணம் ‘விரியன் பாம்புக்கடி’ என்று இருந்தது. விரியன் விஷமும் சிவப்பணுக்களைக் கரைக்கும். விஞ்ஞானத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் உலகம்மாள் படுத்திருந்தது மூன்றாவது மாடி. ஒரு விரியன் வாசலில் செருப்புக் கழற்றும் வரிசையைக் கடந்து, லிஃப்டில் ஏறி, சரியான பொத்தானை அமுக்கி, அனுமதி நேரம் முடிவதற்குள் கடித்துவிட்டுத் திரும்பியிருக்கிறது. அப்படிப்பட்ட பாம்புக்கு நிர்வாகத் துறையில் நல்ல எதிர்காலம் உண்டு. விசாரித்ததில், சோதனையை மூடியபின் வந்த மூன்று ஆண்டுகளில் ஒன்பதான் போட்டுக்கொண்ட பதினேழு பேரை மாவட்டத்தின் பல மாடிகளில் விரியன் கடித்திருந்தது.

அதற்குப் பிறகு ஒரு நாள் மதியம், பழைய லேபில் என்னோடு வேலை பார்த்த செய்யதலி பாத்திமா ஆட்டு ரத்தம் வாங்கக் கொட்டகைக்கு வந்தாள். மேலப்பாளையத்துக்காரி. வாய் சும்மா இருக்காது.

“அண்ணாச்சி, நிறுவன நாள் வருதுல்லா. நமக்கு அந்தப் பாட்டில் சோலி வந்துட்டு.”

“என்ன பாட்டில்?”

“டாக்டர் கையில ஏத்துத பாட்டில். அத மட்டும் தனியாக் குளிப்பாட்டித் தரச் சொல்லுவாவ. குளுந்த மருந்து அவுகளுக்கு ஒத்துக்கிடாதாம்.”

“எத்தன டிகிரி?”

“அம்பத்தாறு. அர மணி நேரம்.” சொன்னவள் தன் வாயைத் தானே பார்ப்பதுபோல நின்றாள். மூன்று ஆண்டுகள் செய்த வேலையை அன்றுதான் அவள் காதால் கேட்டாள். “அண்ணாச்சி… அப்பிடின்னா அது செத்த மருந்துல்லா?”

“செத்த மருந்துதான்.”

“அப்ப கையத் தட்டுனது?”

“செத்த மருந்துக்குத்தான்.”

மூடிய சோதனையின் பதிவேடு ஒரு பழைய பீரோவில் கிடந்தது. தூசி தட்டிப் பிரித்தோம். முதல் பக்கம், முதல் வரி: மு. குற்றாலலிங்கம். எதிரே என்னுடைய கையெழுத்திலேயே, ‘எழுத்து தெளிவாகத் தெரிகிறது’. ஆயிரத்தில் ஒருவர் அவர். நான் சோதித்தபோது குழாயில் எண் மட்டும்தான் இருந்தது; பெயரைப் பிறகு அவரே எழுதியிருக்கிறார். தன் ரத்தத்தில் முத்திரை இல்லை என்று தெரிந்த அன்றே மேடையை நினைத்திருக்கிறார். சோதனை இருந்தால் அவர் பெயரும் வெளியே வரும். சோதனை இல்லாவிட்டால் மேடை நிலைக்கும். மேடை நிலைத்தது.

பதிவேட்டை எடுத்துக்கொண்டு மூன்று அலுவலகங்களுக்குப் போனேன். ஒரு மனிதரின் ரத்தத்தில் முத்திரை இல்லாதது குற்றமாகாது என்று மூன்றிலும் சொன்னார்கள். கடைசி அலுவலகத்தில் ஒருவர், “பாம்பு மேல வேணும்னா புகார் குடும், எழுதிக்கிடுதேன்” என்றார்.

வீட்டுக்கு வரும் வழியில் பேருந்தில் முடிவு செய்தேன். அந்த ஆளை நான் கொல்ல வேண்டும். சும்மா அல்ல. அவர் ஒரு காலையில் எழுந்து, தன் சிறுநீரைப் பார்த்து, கட்டங்காப்பியைக் காண வேண்டும். அது என்னவென்று யாரும் சொல்லாமலே அவருக்குத் தெரிய வேண்டும். உலகம்மாளுக்கு விளக்கம் சொல்ல அண்ணன் இருந்தான். அவருக்கு அந்தச் சௌகரியமும் கூடாது.

வழியும் வெகு சுலபம். விஷம் வேண்டாம், கத்தி வேண்டாம். அந்தப் பாட்டிலைக் குளிப்பாட்டாமல் விட்டால் போதும். அவருடைய மருந்து, அவருடைய கை, அவரே குத்திக்கொள்ளும் ஊசி. நான் குறைப்பது அரை மணி நேரம் மட்டுமே.

நிறுவன நாள் காலை லேபுக்குப் போனேன்.

“பாத்திமா, அந்தப் பாட்டில எங்கிட்டக் குடு. நான் பாத்துக்கிடுதேன்.”

அவள் கொடுக்கவில்லை. கைக்குள் வைத்துக்கொண்டே பார்த்தாள். “என்ன செய்யப் போறிய?”

“ஒண்ணுமே செய்யப் போறதில்ல.”

வாழ்நாளில் நான் சொன்ன மிகத் துல்லியமான வாக்கியம் அது. அவளுக்கும் புரிந்தது.

“கொலை அண்ணாச்சி அது.”

“பாம்புக்கடின்னு எழுதிக்கிடலாம்.”

“விளையாடாதிய. உலகம்மாக்கா இருந்தா இதச் செய்யச் சொல்லுமா?”

“அவ இருந்தா நான் ஏன் செய்யுதேன்?”

பாத்திமா அழுதாள். பாட்டிலைத் தந்துவிட்டு முகம் கழுவிவந்து டீ ஊற்றினாள். நாங்கள் இருவரும் லேபில் நின்றபடியே டீ குடித்தோம். நான் உலகம்மாளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன்: ஒருமுறை சீருடையில் வந்த ஆர்.டி.ஓ.வையே டிக்கெட் இல்லையென்று வள்ளியூரில் இறக்கிவிட்டது, அவர் அடுத்த பேருந்தில் வந்து அவளுக்கு மாலை போட்டது, அந்த மாலையை அவள் வெயிட் போட்டுப் பார்த்துச் சுமைக் கட்டணம் கேட்டது. பதினொரு மணிக்குப் பாட்டிலைத் துடைத்து, ‘56/30 முடிந்தது’ என்று சீட்டு ஒட்டி, தட்டில் வைத்து மேடைக்கு எடுத்துப்போனேன்.

நானூறு பேர். டாக்டர் சட்டைக் காலரில் குண்டூசி அளவு மைக் குத்தியிருந்தார். பேசினார், கையை மடித்தார், ஊசியை ஏற்றினார். கைதட்டல். பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பியபோது குனிந்து சொன்னேன்.

“சார், இன்னைக்குப் பாட்டில் குளிக்கல.”

“என்னவே?”

“அம்பத்தாறுக்குப் போகல. பச்சையா ஏறியிருக்கு.”

அவர் முகத்திலிருந்து நிறம் இறங்கியதை நெற்றியிலிருந்து கழுத்துவரை நான் வரிவரியாகப் பார்த்தேன். அவசரப்படவில்லை.

“ஏன்வே?”

“உலகம்மா என் தங்கச்சி.”

“எந்த உலகம்மா?”

அவருக்கு நிஜமாகவே நினைவில்லை. அந்த ஒரு கணத்தில் எனக்கு ஊசி போதாது என்று தோன்றிற்று.

“பாம்பு கடிச்சவ, சார். மூணாவது மாடி.”

காலர் மைக்கை நாங்கள் இருவருமே மறந்துவிட்டோம். நானூறு பேரும் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு டாக்டர் அலறினார். “மாத்து ரத்தம் கொண்டாங்கவே! சீக்கிரம்! எனக்கு முத்திரை கெடையாதுவே! ரெஜிஸ்டர்ல மொதப் பேரே நாந்தாம்வே!”

கூட்டத்தின் நடுவிலிருந்து பாத்திமா எழுந்தாள். “அப்ப மத்தவங்களுக்கெல்லாம் இருக்குன்னு ஒங்களுக்கு எப்பிடித் தெரியும் சார்?”

“தெரியாதும்மா! தெரியாமத்தான… பாம்பு எல்லாம் நாங்க எழுதுனதுதான்… பதினேழும் எழுதுனதுதான்… கைய விடுங்க, என்ன ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க!”

ஆஸ்பத்திரிக்கு அவருடைய காரில் அவர் போனார். காவல்துறையின் வண்டியில் நான் போனேன். மூன்று நாட்கள் ஒரே ஆஸ்பத்திரியில் அவர் ஒரு வராந்தாவிலும் நான் கைவிலங்கோடு எதிர் வராந்தாவிலும். மணிக்கொரு முறை அவருடைய சிறுநீரைப் பாட்டிலில் பிடித்து ஜன்னல் திண்டில் அடுக்கினார்கள். எழுபத்திரண்டு பாட்டில். அத்தனையும் இளநீர். கடைசிப் பாட்டிலுக்குப் பின்னால் ஒரு காவலர் செய்தித்தாளைப் பிடித்து ராசிபலன் முழுவதையும் உரக்கப் படித்தார்.

நான் கொதித்துப்போனேன். மருந்தில் மிச்சமிருந்ததை எடுத்துப் பாத்திமா சோதித்தாள். தாசில்தாரின் ரத்தத்தோடு கலந்தாள். ஒரு அணுகூட உடையவில்லை. செத்த மருந்து.

“எப்பிடி பாத்திமா? நான் குளிப்பாட்டவே இல்லியே!”

“குளிப்பாட்டுனிய அண்ணாச்சி. நாம் பாத்துக்கிட்டுதான நின்னேன். பாட்டில வாங்குன கையோட சுடுதண்ணித் தொட்டிக்குள்ள வச்சிய. மணியத் திருகி விட்டிய. ஒரு கையில டீ, வாயில உலகம்மாக்கா கத. மணியடிச்சதும் நீங்கதான் எடுத்துத் துடைச்சிய.”

“நீ ஏன் சொல்லல?”

“சொன்னா வெளிய எடுத்திருப்பியளே.”

முப்பத்துமூன்று ஆண்டுப் பழக்கம். என் கைகள் என்னைக் கேட்காமலே அவரைக் காப்பாற்றிவிட்டன. அந்தக் கைகளால் மூன்று நாள் சோறு தொடுவதில்லை என்று ஸ்பூனால் தின்றேன். ஸ்பூனைப் பிடித்ததும் அவைதான் என்பதை நான்காம் நாள்தான் கவனித்தேன். குளிப்பாட்டிய மருந்தைக் கொடுத்ததற்குச் சட்டத்தில் பிரிவு இல்லை என்பதால் என்னை விட்டுவிட்டார்கள். நானூறு சாட்சிகளின் முன் சொன்னதற்காக டாக்டருக்குப் பதினேழு வழக்கு, பதினேழிலும் தண்டனை. சோதனை திரும்ப வந்தது. பதினேழு சான்றிதழ்களும் திருத்தப்பட்டன.

ஆனால் பழி அங்கே முடியவில்லை. சொல்லப்போனால் அங்கேதான் ஆரம்பித்தது. மருந்து செத்தது என்ற ரிப்போர்ட்டை டாக்டர் நம்பவில்லை. அது அவருடைய லேபின் ரிப்போர்ட். அங்கே ரிப்போர்ட் எப்படித் தயாராகும் என்று அவரைவிட நன்றாக அறிந்தவர் கிடையாது. மூன்று நாளில் உடையாத அணு மூன்று வருடம் கழித்து உடையாது என்பதும் அவருக்குத் தெரியும். ஆனால் ஒரு மனிதன் விடிந்ததும் கழிப்பறையில் தனியாக நிற்கும்போது அவனுக்குத் தெரிவது வேறு.

மாதம் ஒருமுறை சிறைக்குப் போய் அவரைப் பார்ப்பேன். கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து உட்காருவார். ஆள் பாதியாகிவிட்டார்.

“நீராவது நெசத்தச் சொல்லும்வே. சூடு காட்டுனீரா, இல்லையா?”

“காலைல என்ன கலர் சார்?”

“வெள்ளையாத்தான் போச்சு.”

“நல்லது. நாளைக்கும் பாருங்க.”

அவ்வளவுதான் எங்கள் பேச்சு. பாத்திமா ஒவ்வொரு முறையும் வாசலில் காத்திருப்பாள். “சொல்லிருங்க அண்ணாச்சி. பாவம், தூக்கமே இல்லியாம்.” பாவம்தான் என்று ஒத்துக்கொள்வேன். அடுத்த மாதமும் போவேன். அந்த ஒரு சொல்லை நான் அவருக்குக் கொடுக்கவே இல்லை. ஒன்பது வருடம் அவர் ஒவ்வொரு காலையும் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். ஒன்பது வருடமும் நான் நன்றாகத் தூங்கினேன்.

எல்லாவற்றையும் நடந்தது நடந்தபடி சொல்லிவிட்டேன். ஒரு தகவல் மட்டும் விட்டுப்போயிற்று. டாக்டர் குற்றாலலிங்கம் அந்த நிறுவன நாளுக்கு ஆறு வாரம் முன்பே, தம் வீட்டுக் கட்டிலில், தூக்கத்தில், எந்த வலியும் இல்லாமல் இறந்துபோனார்.